தனம் வாங்கிய முதல் கிட்டாரும் மாறிப்போன ஆம்ப்பும்

கடையை விட்டு வந்து ஒரு மழைக்காலம் கழிந்துவிட்டது. இப்போது அங்கே வேலை பார்க்கும் பெண்கள் இன்னும் ஃபோன் செய்கிறார்கள். போன வாரம் ஒருத்தி கேட்டாள்.

"அக்கா, முதல்முதலா கிட்டார் வாங்க வர்றவங்க எல்லாத்தையும் ஃபோன்லயே பாத்துட்டு வந்துடறாங்க. மரம் இன்னா, பிக்கப் இன்னான்னு நமக்கே பாடம் எடுக்கறாங்க. நாம இன்னாத்தைக் கேக்கறது?"

"அவங்க வீட்டுல பிளக் பாயின்ட் எப்படி இருக்குதுன்னு கேளு" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். நான் ஏதோ கிண்டல் செய்கிறேன் என்று நினைத்திருப்பாள். ஃபோனில் சொல்லி முடிக்கிற விஷயமில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

என் அப்பா மில் தொழிலாளி. மில் மூடியபோது நான் பிளஸ் டூவும் டைப்பிங்கும் முடித்திருந்தேன். பில் போட ஆள் வேண்டும் என்று சொன்னார்கள் என்று இசைக்கருவி விற்கும் கடைக்குப் போனேன். அப்போது எனக்கு ஆர்மோனியத்துக்கும் கீபோர்டுக்கும் வித்தியாசம் சொல்லத் தெரியாது. முதல் சில வருஷங்கள் தூசி தட்டினேன், கம்பி நம்பர் படித்தேன், வாடிக்கையாளருக்குத் தண்ணீர் கொடுத்தேன், மற்றவர்கள் விற்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு ஒருநாள் முதலாளி, "மல்லிகா, இனிமே பில் வேற யாராவது போடட்டும், நீ கிட்டார் பக்கம் வா" என்றார். ஓய்வு பெறும்வரை அந்தப் பக்கத்தில்தான் இருந்தேன்.

முதலாளியை நாங்கள் எல்லோரும் முசே என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய வீட்டில் பிரெஞ்சு பேசுவார்கள். மனைவியை மதாம் என்போம். முசே கடைக்குள் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யாராவது கருவியை அவசரமாகத் தூக்கினால் மட்டும், "தூஸ்மான், தூஸ்மான்" என்பார். மெதுவா, மெதுவா என்று அர்த்தம். சில சமயம் வாடிக்கையாளரைப் பார்த்துச் சொல்கிறாரா, கிட்டாரைப் பார்த்துச் சொல்கிறாரா என்றே தெரியாது.

முதல் கிட்டார் வாங்க வருகிறவர்களிடம் அவர் நடந்துகொள்வது தனி விதம். கைப்பிடி இல்லாத ஸ்டூல் ஒன்றைப் போட்டு உட்காரச் சொல்வார். கிட்டாரை மடியில் வைத்துவிட்டுப் பேசாமல் நிற்பார். அந்த ஆள் எப்படிப் பிடிக்கிறார், தோள் தூக்குகிறதா, கழுத்தைச் சுற்றிக் கட்டைவிரல் எட்டுகிறதா என்று பார்ப்பார். அதற்கப்புறம்தான் கேள்வி. என்ன பாட்டு பிடிக்கும் என்று ஒருநாளும் கேட்கமாட்டார். எங்கே வாசிக்கப் போறீங்க, பக்கத்து ரூம்ல யாரு தூங்கறாங்க, இதைத்தான் கேட்பார்.

விற்கும் முன் பார்க்க வேண்டியவற்றையும் அவர்தான் கற்றுக்கொடுத்தார். கிட்டாரின் தலைப் பக்கத்தைக் கண்ணருகே வைத்துக் கழுத்து நேராக ஓடுகிறதா என்று பார்க்கணும். கொஞ்சம் பஞ்சை எடுத்துக் கழுத்தின் இரண்டு ஓரத்திலும் இழுக்கணும். கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கட்டைகளின் முனை வெளியே நீட்டியிருந்தால் பஞ்சு மாட்டிக்கொள்ளும். நம் ஊர் உப்புக்காற்றில் மரம் ஊதும், சுருங்கும். முனை துருத்தினால் புதிதாக வாசிக்கிறவர்களின் விரல் கிழியும். சுருதி சேர்த்து, கம்பியை நன்றாக இழுத்து விட்டு, திரும்பச் சுருதி பார்க்கணும். ஆம்ப் என்கிற ஒலிபெருக்கிப் பெட்டியில் ஒவ்வொரு குமிழையும் திருகி கரகரப்பு வருகிறதா என்று கேட்கணும். எல்லாம் முடிந்த பிறகு, கிட்டாரை ஆம்ப்பில் மாட்டி, கரண்ட் ஓடும்போது, கம்பியின் மேல் டெஸ்டர் வைக்கணும். டெஸ்டரில் விளக்கு எரியக்கூடாது. புதுப் பெட்டியை அப்போதுதான் பிரித்திருந்தாலும் இதைச் செய்யாமல் எதுவும் படியிறங்கக்கூடாது என்பது அவர் சட்டம்.

"இது வெறும் சத்தம் போடற பெட்டி இல்ல மல்லிகா. வாசிக்கறவங்க கை ஒரு கம்பி வழியா நேரா கரண்ட் பெட்டிக்குள்ள போவுது. அதை மறந்துடாத" என்பார்.

தனம் என்ற தனலட்சுமி கடைக்கு வந்தது மீன்பிடித் தடைக்காலம் ஓடிக்கொண்டிருந்தபோது. பிள்ளைச்சாவடியில் வீடு. தட்டாஞ்சாவடியில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் பேக்கிங் வேலை. கூட வேலை செய்யும் பெண்ணின் வீட்டிலிருந்த மரக் கிட்டாரை இரவல் வாங்கி, ஃபோனில் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறாள். கோயில் திருவிழாக்களுக்கு வாசிக்கும் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார்காரர் வெளிநாடு போகப் போகிறார். குழுவின் தலைவர் இவள் வாசிப்பதைக் கேட்டுவிட்டு, "சொந்தமா எலெக்ட்ரிக் கிட்டாரும் ஆம்ப்பும் இருந்தா வா, சேத்துக்கறேன். ஆடி மாசம் பொறக்கறதுக்குள்ள வரணும்" என்று சொல்லியிருக்கிறார்.

கூட அவள் அம்மா கஸ்தூரி வந்திருந்தார். மீன் விற்கிறவர். கடைக்குள் எதையும் தொட்டுவிடக் கூடாது என்று கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"இவ அப்பாவுக்கு இதுல இஷ்டமில்ல. கடலும் இல்லாத நேரத்துல இது இன்னாத்துக்குன்றாரு. இவ ஒண்டியா சேத்து வச்சது. அதுக்குள்ளதான் ரெண்டும் வாங்கணும்மா" என்றார்.

தனம் சொன்ன தொகைக்குப் புதிதாக ஒரு கிட்டார் வரும், ஆம்ப் வராது. அல்லது கிட்டார், ஆம்ப், பை எல்லாம் ஒரே அட்டைப்பெட்டியில் போட்டு விற்கிறார்களே, அது வரும். அதைத்தான் தனம் ஃபோனில் எனக்குக் காட்டினாள். அந்தப் பெட்டியில் வரும் ஆம்ப் வீட்டுக்குள்ளேயே கொசு பாடுகிற மாதிரி இருக்கும். மேடை வேண்டாம், டிரம்ஸ்காரர் தொண்டையைக் கனைத்தாலே காணாமல் போய்விடும்.

"முதல் தடவை வாங்கறவங்க எல்லாத்தையும் கிட்டார்லயே போட்டுடுவாங்கம்மா. நாம கிட்டாரைக் கொஞ்சம் எளிமையா எடுப்போம். ஆம்ப்பைப் பழசுல நல்லதாப் பாப்போம்" என்றேன்.

அன்று சாயங்காலம் முழுக்க அவளோடுதான் இருந்தேன். கண்ணுக்குப் பளபளவென்று இருந்த ஒரு கறுப்புக் கிட்டாரை அவளுக்குப் பிடித்திருந்தது. பஞ்சை இழுத்தேன், நான்கு இடத்தில் மாட்டியது. பக்கத்தில் வெளிறிய பச்சை நிறத்தில் ஒன்று, யாரும் வாங்காமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் பஞ்சு வழுக்கிக்கொண்டு போனது. கழுத்து நேர். சுருதி நின்றது. அவள் மடியில் வைத்துவிட்டு, முசே மாதிரியே நானும் பேசாமல் நின்றேன். கொஞ்சநேரம் சும்மா பிடித்துக்கொண்டிருந்தவள் மெல்ல வாசிக்க ஆரம்பித்தாள். முந்தானைக்குள் இருந்த கஸ்தூரியின் கை வெளியே வந்துவிட்டது.

ஆம்ப்புக்கு முசேவிடம் போனேன். எங்கள் ஊரில் பிரெஞ்சு ராணுவ பென்ஷன்காரர்களைச் சொல்தா என்போம். அப்படி ஒரு சொல்தா வீட்டிலிருந்து இரண்டு பழைய ஆம்ப்கள் கடைக்கு வந்திருந்தன. மகன் வாசித்தது, மகன் பிரான்சில் தங்கிவிட்டான். இரண்டுக்கும் ஒரே சாம்பல் துணி, ஒரே பழுப்புக் கைப்பிடி. இரண்டிலும் பழைய காலத்து இரண்டு முள் பிளக். எங்கள் ரிப்பேர்காரர் ஒன்றைப் பிரித்து, உள்ளே கெட்டுப்போயிருந்ததை மாற்றி, மூன்று முள் பிளக்கோடு புது ஒயர் போட்டிருந்தார். இன்னொன்றுக்குச் சாமான் வரவேண்டியிருந்தது. அந்த இரண்டாவதை முசே எனக்கு ஒருமுறை காட்டியிருந்தார். பிளக்கை ஒரு பக்கமாகச் செருகி டெஸ்டர் வைத்தார், விளக்கு எரியவில்லை. அதே பிளக்கைக் கழற்றித் திருப்பிச் செருகினார், டெஸ்டர் ஜொலித்தது.

"பாத்தியா? இன்னிக்கு ஒழுங்கா இருக்கும். நாளைக்கு யாராவது பிளக்கைத் திருப்பிச் செருகினா ஆளையே கொன்னுடும். இது ரிப்பேர் ஷெட்டை விட்டு வெளிய வரக்கூடாது" என்றார்.

சரிசெய்த ஆம்ப்பைத் தனத்துக்காகக் கேட்டேன். முசே அவள் வாசித்ததைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார் போல. அவளிடம் இருந்த பணத்துக்குள்ளேயே முடித்துக்கொடுக்கச் சொன்னார். இன்னும் ஒருதரம் எல்லாம் பார்த்துவிட்டுத் தருகிறோம், சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள் என்று அனுப்பினேன். ஆம்ப்பை உள்ரூமில் வைத்தேன்.

அந்த வாரம் முசேவுக்குக் கண் ஆபரேஷன். என் தங்கை பேத்திக்குக் காதுகுத்து. எனக்கு வெள்ளி, சனி லீவு. ரமேஷிடம் எல்லாம் சொல்லிவிட்டுத்தான் போனேன். ரமேஷ் என் கூட வருஷக்கணக்காக வேலை பார்த்தவன். நிதானமானவன், நல்லவன்.

திங்கட்கிழமை காலை கடைக்கு வந்து, பையை வைக்க உள்ரூமுக்குள் போனேன். சாம்பல் ஆம்ப் ஒன்று இருந்தது. அதன் பின்பக்கம் மூன்று முள் பிளக் சுருட்டி வைத்தபடி இருந்தது.

தனம் வரவில்லை போலிருக்கிறது என்று முதலில் நினைத்தேன். வெளியே வந்து கேட்டேன்.

"சனிக்கிழமையே எடுத்துட்டுப் போயிட்டாங்கக்கா. நீங்க சொன்ன மாதிரியே எல்லாம் பாத்துக் குடுத்தேன். டெஸ்டர்கூட வச்சுப் பாத்தேன், ஒண்ணும் எரியல" என்றான் ரமேஷ்.

"எந்த ஆம்ப் குடுத்த?"

"உள்ரூம்ல இருந்த சாம்பல் கலர் ஆம்ப்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிப்பேர்காரர், சாமான் வர நாளாகும், ஷெட்டில் மழை ஒழுகுகிறது என்று சொல்லி இன்னொரு ஆம்ப்பையும் உள்ரூமில் கொண்டுவந்து வைத்திருக்கிறார். கதவருகே இருந்ததை ரமேஷ் எடுத்துக் கொடுத்திருக்கிறான். பிளக்கைத் தவிர இரண்டும் பார்வைக்கு ஒன்றுதான். அவன் கடையில் பிளக்கைச் செருகியது எரியாத பக்கமாக இருந்திருக்கிறது.

விஷயத்தைச் சொன்னேன். அவன் பில் புத்தகத்தை எடுத்து அவசரமாகப் புரட்ட ஆரம்பித்தான்.

பில்லில் இருந்த நம்பருக்கு அடித்தேன். ஸ்விட்ச் ஆஃப். திரும்ப அடித்தேன். ஸ்விட்ச் ஆஃப். இரண்டு நாள் ஆகியிருக்கிறது. புதுக் கிட்டார் வாங்கிய பெண் ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாசிக்காமலா இருந்திருப்பாள்? அவள் கம்பெனி பேர் எனக்குத் தெரியாது. கம்பெனிக்குள் ஃபோன் கொண்டுபோகவிட மாட்டார்கள் என்று அப்போது ஞாபகமே வரவில்லை. ஸ்விட்ச் ஆஃப் என்று அந்தக் குரல் சொல்லச் சொல்ல, எனக்கு வேறு வேறு காட்சிகள்தான் வந்தன.

நல்ல ஆம்ப்பை ஆட்டோவில் பின்னாலேயே எடுத்து வரும்படி ரமேஷிடம் சொல்லிவிட்டு, ஆட்டோவுக்குக் காத்திராமல் கிடைத்த டெம்போவில் ஏறினேன். டெம்போ ஆள் ஏற்ற நின்று நின்று போனது. அன்றைக்கு நான் திட்டிய மாதிரி யாரும் அந்த டிரைவரை மனதுக்குள் திட்டியிருக்க மாட்டார்கள். பிள்ளைச்சாவடி நிறுத்தத்தில் இறங்கியதும் யாராவது அழுகிற சத்தம் கேட்கிறதா என்றுதான் முதலில் காதைக் கொடுத்தேன். கடல் இரைச்சல் தவிர ஒன்றும் கேட்கவில்லை. வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டேன்.

"கிட்டார் வாங்கின பொண்ணா? ஏழுமலை வீடு. நேத்து பூரா அங்க ஒரே கச்சேரிதான்" என்று கையைக் காட்டினார்.

நேற்று பூரா என்ற சொல்லில் எனக்குப் பாதி உயிர் வந்தது.

கஸ்தூரி வாசலைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார். மீன் கூடைகள் கவிழ்ந்து கிடந்தன. உள்ளே சிமென்ட் தரை முழுக்க ஈரம். மேஜைமேல் சாம்பல் ஆம்ப் இருந்தது. கிட்டார் அதில் மாட்டியபடியே பக்கத்தில் சாய்ந்திருந்தது. பிளக் மட்டும் கழன்று கிடந்தது.

"தனம் எங்கக்கா?"

"கம்பெனிக்குப் போயிருக்குதும்மா. இன்னா, இப்படி மூச்சு வாங்குது உங்களுக்கு?"

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். ஆம்ப் மாறிவிட்டது, இதில் கரண்ட் கசிகிறது, நல்லது பின்னால் ஆட்டோவில் வருகிறது, அதுவரை இதை யாரும் தொடக்கூடாது என்றேன். சத்தம் கேட்டு தனத்தின் அப்பா ஏழுமலை உள்ளேயிருந்து வந்தார். தடைக்காலத்தில் கடலுக்குப் போக முடியாத மனிதருக்கு இருக்கிற எரிச்சல் முகத்தில் தெரிந்தது. வெறும் கால். இடுப்பில் லுங்கி. குளித்துவிட்டு வந்த ஈரம் இன்னும் தோளில் இருந்தது.

"இன்னாம்மா, கம்மி ரேட்டுக்குக் குடுத்துட்டோம்னு இப்ப திருப்பிக் கேக்கறீங்களா?"

"இல்லண்ணா. இதைவிட நல்லது உங்களுக்கு வருது. இது ஆபத்து."

"நேத்து காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் வாசிச்சா. ஒண்ணும் ஆகல. கரண்ட் அடிச்சா நேத்து அடிச்சிருக்காதா?"

"பிளக்கை எந்தப் பக்கம் செருகறோம்னு இருக்குதுண்ணா. தயவுசெஞ்சு அதைத் தொடாதீங்க."

"பிளக்குல இன்னாம்மா அந்தப் பக்கம், இந்தப் பக்கம்? வேணாம்னு சொன்னேன், யாரு கேட்டா. வாங்கி ரெண்டு நாள்லயே வந்து நிக்கறாங்க பாரு" என்று மனைவியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே பிளக்கை எடுத்துச் செருகி, சுவிட்சைப் போட்டார். ஆம்ப்பில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"வேணாம்ணா!" என்று நான் கத்துவதற்குள் மேஜைப் பக்கம் போய் கிட்டாரின் கழுத்தைக் கையால் அழுத்திப் பிடித்துத் தூக்கினார்.

சத்தமே வரவில்லை. அதைத்தான் இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. கத்துவார் என்று நினைத்தேன். அவர் வாய் திறந்தபடி இருந்தது, உடம்பு விறைத்தது, கை மட்டும் கிட்டாரை விடவே இல்லை. ஆம்ப்பிலிருந்து ஒரே உறுமல். கஸ்தூரி ஈரக்கையோடு அவரை நோக்கிப் பாய்ந்தார். நான் அவர் புடவையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன்.

"தொடாதீங்க! அவரைத் தொடாதீங்க!"

சுவிட்ச் வாசல் பக்கத்துச் சுவரில் இருந்தது. ஒரு கையில் திமிறுகிற கஸ்தூரி. இன்னொரு பக்கம் எட்டிச் சாய்ந்து, முழங்கையால் சுவிட்சை அடித்தேன். உறுமல் நின்றது. ஏழுமலை மேஜையோடு சேர்ந்து சரிந்தார்.

கண் திறந்திருந்தது. மூச்சு இருக்கிறதா இல்லையா என்று புரியவில்லை. கஸ்தூரி அவர் மார்பில் விழுந்து பேர் சொல்லிக் கூப்பிட்டார். நான் மூக்கருகே கை வைத்தேன். எதுவும் தெரியவில்லை. அப்புறம் அவர் பெரிதாக ஒரு மூச்சு இழுத்தார். இருமினார். அந்த இருமலைப் போல ஒரு நல்ல சத்தத்தை இத்தனை வருஷம் இசைக்கடையில் இருந்தும் நான் கேட்டதில்லை.

ரமேஷ் வந்த ஆட்டோவிலேயே அவரை ஏற்றினோம். நல்ல ஆம்ப்பைத் தெருவில் இறக்கி வைத்துவிட்டுத்தான் போனோம். ஆஸ்பத்திரியில் இதயத் துடிப்பைப் பார்த்தார்கள். ஓட்டம் கொஞ்சம் தாறுமாறாக இருக்கிறது, மறுநாள்வரை வைத்துப் பார்க்கணும் என்று டாக்டர் சொன்னார். உள்ளங்கையில் கம்பிகள் வரிவரியாகச் சுட்டிருந்தன.

தகவல் தெரிந்து தனம் கம்பெனி யூனிஃபார்மோடு ஓடிவந்தாள். என்னைப் பார்த்ததும் திட்டுவாள், அடிக்கக்கூடச் செய்வாள் என்று நினைத்தேன். அவள் அப்பாவை எட்டிப் பார்த்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீங்க பாத்து வச்ச ஆம்ப் அது இல்லையாக்கா?"

"இல்லம்மா. மாறிப்போச்சு."

தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நேத்து நான் வாசிக்கும்போது அம்மா பக்கத்துலயே உக்காந்து மீன் ஆஞ்சிக்கிட்டிருந்தாங்க. நடுவுல ஃபோன் சார்ஜ் போட ரெண்டு தடவை பிளக்கைப் புடுங்கிப் புடுங்கிச் செருகினேன்" என்றாள்.

பிறகு எழுந்து அப்பாவின் கட்டில் பக்கம் போனாள்.

ரமேஷ் உள்ளே வரவே இல்லை. வெளியே வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டிருந்தான். மதியத்துக்குமேல் ஏழுமலையின் மைத்துனர் நான்கைந்து பேரோடு வந்தார். போலீசில் எழுதிக் கொடுக்கப் போவதாகச் சத்தம் போட்டார். எவன் கொடுத்தான், அவனைக் காட்டு என்றார். ஜன்னல் வழியாக ரமேஷ் நிற்பது தெரிந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டேன்.

அந்த நேரத்தில்தான் முசே வந்தார். ஒரு கண்ணில் கட்டு. வெளியே வரக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். மதாம் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்து, கட்டில் பக்கத்தில் நின்று, ஏழுமலைக்குக் கைகூப்பினார்.

"எங்க கடை தப்பு பண்ணிடுச்சு" என்றார்.

"எவன் பண்ணான்னு கேக்கறோம்" என்றார் மைத்துனர்.

"கடை பண்ணுச்சு. கடை என்னோடது."

"குடுத்த ஆளு பேரு சொல்லுய்யா."

"என் பேரை எழுதிக்கோங்க" என்று சொல்லித் தன் பேரைச் சொன்னார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தார். போகச் சொன்னார்கள். போகவில்லை. மதாம் மருந்து போட நேரமாகிறது என்று பிரெஞ்சில் என்னவோ சொன்னார். முசே மறுத்துத் தலையை ஆட்டினார். மைத்துனர் கத்தி ஓய்ந்து, வெளியே போய், டீ குடித்துவிட்டு வந்தபோதும் அதே ஸ்டூலில் இருந்தார்.

மறுநாள் ஏழுமலையின் துடிப்பு சரியானது. வீட்டுக்கு அனுப்பும்போது முசேவிடம் அவர் ஒன்றுதான் கேட்டார். "புகாரெல்லாம் வேணாம். என் பொண்ணு அதை மறுபடியும் தொடறதுக்கு முன்னாடி, ஒண்ணும் ஆகாதுன்னு எனக்குக் காட்டணும். வாயால சொல்லக்கூடாது."

அந்த வாரமே ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு போனோம். மூன்று முள் பிளக் இருந்தால் மட்டும் போதாது, மூன்றாவது முள் மண்ணில் போய்ச் சேரணும். அதுதான் எர்த். கரண்ட் வரும் லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே பல்பைப் பிடித்துப் பார்த்தார். பிரகாசமாக எரிய வேண்டிய பல்பு எரியவே இல்லை. எர்த்தின் பச்சை ஒயரைப் பிடித்துக்கொண்டே வீட்டுக்குப் பின்னால் போனார். அது சுவரோடு இறங்கி, மணலுக்குள் போனது. தோண்டினார். ஒரு சாண் ஆழத்தில் ஒயர் ஒரு ஆணியில் சுற்றியிருந்தது. ஆணி உப்பில் கரைந்து துருப்பொடியாக இருந்தது. அவ்வளவுதான் எர்த். நான் நல்லது என்று பொறுக்கி வைத்த ஆம்ப்பையும் இந்த வீட்டில்தான் மாட்டியிருப்பார்கள்.

வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பெண் சாதாரணமாகச் சொன்னார்: "எங்க வீட்டு கிரைண்டரும் தொட்டா ஜிவ்வுங்கும். பலகை மேல நின்னுதான் மாவு அரைக்கறது." இன்னொருத்தர், "எங்களுது ஃபிரிட்ஜு" என்றார். எலெக்ட்ரீஷியன் வேலையை நிறுத்திவிட்டு அவர்களைப் பார்த்தார். பிறகு அந்த வரிசையில் வீடு வீடாகப் போய்ப் பார்த்தார். எல்லா வீட்டிலும் அதே கதைதான். மைத்துனர் ஊர்ப் பஞ்சாயத்தில் பேசி, வரிசை முழுக்கக் குழி தோண்ட வைத்தார். ஏழுமலை வீட்டுக் குழியில் கரியும் உப்பும் போட்டு, செம்புத் தகடு இறக்கினோம். அன்று மறுபடி பல்பைப் பிடித்தபோது கண் கூசுகிற மாதிரி எரிந்தது. ஏழுமலை அதை அணைத்து, போட்டு, அணைத்து, போட்டுப் பார்த்தார்.

ஆனால் தனம் கிட்டாரைத் தொடவில்லை. பையைவிட்டு எடுக்கவே இல்லை. "எடுக்கலாம்னு போறேன்க்கா. அப்பா வாயைத் தொறந்துக்கிட்டு நின்னார்னு அம்மா சொன்னாங்க இல்ல, அதுதான் வருது" என்று ஃபோனில் சொன்னாள். ஆடி நெருங்கிக்கொண்டிருந்தது. குழுத் தலைவர் வேறு ஆளைப் பார்ப்பதாகவும் காதில் விழுந்தது. எடு, பயப்படாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கே பயமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கஸ்தூரி என்னை வரச் சொன்னார். போனபோது தரையைத் துடைத்துக் காய வைத்திருந்தார். தனம் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு நடுவீட்டில் உட்கார்ந்திருந்தாள். பச்சைக் கிட்டார் மடியில் இருந்தது. பக்கத்தில் சரிசெய்த ஆம்ப்.

"எனக்குப் பாக்க முடியாது. நீ வாசி. நான் வெளிய இருக்கறேன்" என்று கஸ்தூரி எழுந்து போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டார்.

நான் டெஸ்டர் வைத்துப் பார்த்தேன். பிளக்கைக் கழற்றி மாட்டி, திரும்பவும் வைத்துப் பார்த்தேன். ஏழுமலை கட்டுப்போட்ட கையால் என்னிடமிருந்து டெஸ்டரை வாங்கி அவரே ஒவ்வொரு கம்பியிலும் வைத்துப் பார்த்தார். பிறகு போய் மெயின் சுவிட்ச்சின் கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"வாசி" என்றார்.

அவள் நகத்தால் ஒரு கம்பியைத் தட்டினாள். கையை எடுத்துக்கொண்டாள். திரும்பத் தட்டினாள். பிறகு விரலை வைத்தாள். பாட்டு என்று ஒன்று வர வெகுநேரம் ஆனது. அது முடியும்வரை அவர் கைப்பிடியைவிட்டுக் கையை எடுக்கவில்லை. தினமும் அப்படித்தான் என்று பின்னால் தனம் சொன்னாள். அவர் குளிக்கப் போனால் இவள் நிறுத்திக்கொண்டு காத்திருப்பாளாம்.

குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். முதல் கச்சேரி ஒரு அம்மன் கோயில் ஆடித் திருவிழாவில், பொழுது சாயும் நேரத்தில் ஆரம்பித்தது. நான் முன்கூட்டியே போய் மேடைக்கடியில் குனிந்து ஒயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரோ பக்திமிகுதி என்று நினைத்து எனக்குக் குங்குமம் கொடுத்துவிட்டுப் போனார்கள். மதியம் ஒரு தூறல் போட்டிருந்தது. மேடைப் பலகையில் எங்கே ஈரம் என்று கண் தேடிக்கொண்டே இருந்தது.

கச்சேரி முடிந்து தனம் இறங்கி நேராக என்னிடம் வந்தாள். முகமெல்லாம் வியர்வை.

"மூணாவது பாட்டுல ஒரு இடம் விட்டுட்டேன்க்கா. கேட்டுச்சா?"

"எனக்குப் பாட்டே கேக்கலம்மா. உன் காலையே பாத்துக்கிட்டிருந்தேன்."

"அப்பா?"

ஏழுமலை மேடைக்குப் பின்னால் ஜெனரேட்டர்காரர் பக்கத்தில் நின்றிருந்தார். ஆரம்பத்திலிருந்து அங்கேதான். அந்த இரைச்சலில் அவருக்கு ஒரு பாட்டும் கேட்டிருக்காது. எங்களைப் பார்த்ததும், முடிஞ்சிடுச்சா என்று கையாலேயே கேட்டார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு கஸ்தூரி வந்தார். மேடைக்கு நேர் முன்னால், முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவர். மகள் முகத்தை முந்தானையால் துடைத்துவிட்டார்.

"எல்லாம் நல்லா இருந்துச்சு" என்றார். "மூணாவது பாட்டுலதான் நடுவுல ஒரு இடத்தை விட்டுட்ட."